இறால் குளத்துக்கு நிலைத்தன்மைச் சான்றிதழ்: சேரலாமா, வேண்டாமா?

உப்பாற்றங்கரை | வேதாரண்யம் பக்கம் | திங்கள், இரவு 9.12

வணக்கம். எனக்கு மூன்று வனாமி இறால் குளங்கள் இருக்கின்றன. மொத்தம் நாலரை ஏக்கர் நீர்ப்பரப்பு. கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையத்தில் பதிவு உண்டு. போன வாரம், நான் இறால் கொடுக்கும் ஏற்றுமதி ஆலையிலிருந்து ஓர் இளைஞர் வந்தார். மினுமினுக்கும் அட்டை போட்ட கோப்பு ஒன்றைக் கையில் கொடுத்து, “எங்கள் குழுச் சான்றிதழில் சேர்ந்துவிடுங்கள் அண்ணா, வெளிநாட்டில் வாங்குகிறவர்கள் இனி இதைத்தான் கேட்பார்கள்” என்றார்.

என்ன செய்ய வேண்டும் என்று கேட்டேன். குஞ்சு விட்ட நாளிலிருந்து அறுவடை வரை பதிவேடு எழுத வேண்டும். வேலையாட்களுக்குக் கழிப்பறை வேண்டும். கழிவுநீர் படிவதற்குத் தனிக் குட்டை வேண்டும். இதில் பாதி நான் ஏற்கெனவே செய்வதுதான், மீதியைச் செய்துவிடலாம். எழுந்து போகும்போது கடைசியாக ஒன்று சொன்னார்: தீவனம் சான்று பெற்ற ஆலையிலிருந்து மட்டுமே வாங்க வேண்டுமாம்.

அங்கேதான் இடிக்கிறது. நான் தீவனம் எடுப்பது ஊர் டீலரிடம், கடனுக்கு. அறுவடை முடிந்ததும் கழித்துக்கொள்வார். அந்த ஆலைத் தீவனம் இங்கே கிலோவுக்கு 4 ரூபாய் கூடுதல், அதுவும் ரொக்கம். ஒரு பருவத்துக்கு 9 டன் இறால் எடுத்தால், 1.4 எஃப்.சி.ஆர். கணக்கில், அதாவது ஒரு கிலோ இறாலுக்கு 1.4 கிலோ தீவனம் என்ற கணக்கில், 12,600 கிலோ தீவனம். ஆக 50,400 ரூபாய் கூடுதல் செலவு. “விலையில் எவ்வளவு ஏற்றித் தருவீர்கள்?” என்று கேட்டேன். “சந்தை உறுதியாகும் அண்ணா” என்றார். 40 கவுண்டுக்கு, கிலோவுக்கு 40 நிற்கிற இறாலுக்கு, எவ்வளவு என்று நான் கேட்கிறேன், அவர் சந்தையைப் பற்றிப் பேசுகிறார்.

சேரலாமா? குளம் என்னுடையது, சோதிக்கட்டும். தீவனம் நான் செய்வதில்லையே, அதற்கு ஏன் என்னைப் பிடிக்கிறார்கள்?

காகிதப்புலி | திங்கள், இரவு 10.03

எட்டு ஆண்டுகள் தணிக்கை வேலையில் இருந்தவன் நான். இப்போது இல்லை. என் புனைபெயருக்குக் காரணம் கேட்க வேண்டாம்.

எந்தச் சான்றிதழ் என்று கேட்டீர்களா? இறாலுக்கு முக்கியமாக இரண்டு உண்டு. பி.ஏ.பி. என்பது 1997-இல் குளோபல் அக்வாகல்ச்சர் அலையன்ஸ் என்ற பெயரில் தொடங்கிய அமைப்பினுடையது. அமெரிக்க சூப்பர் மார்க்கெட்டுகள் கேட்பது பெரும்பாலும் இதைத்தான். அதில் நட்சத்திரக் கணக்கு: பதப்படுத்தும் ஆலை, பண்ணை, குஞ்சு பொரிப்பகம், தீவன ஆலை என நான்கும் தேறினால் நான்கு நட்சத்திரம். உங்களைத் தேடி வந்தவர் கையில் ஏற்கெனவே ஒன்றோ இரண்டோ இருக்கும், நான்கை எட்டுவதற்கு உங்கள் குளமும் தீவனமும் தேவைப்படுகின்றன. இன்னொன்று ஏ.எஸ்.சி. அது 2010-இல் வந்தது, ஐரோப்பாவில் செல்வாக்கு அதிகம். இறாலுக்கான விதிமுறையை 2014-இல் வெளியிட்டார்கள்.

தீவனத்துக்கு ஏன் இத்தனை கெடுபிடி என்கிறீர்கள். உங்கள் கரையில் நின்று பார்த்தால் ஏரேட்டர் ஓடுகிறது, நாரை வருகிறது, அவ்வளவுதான். ஆனால் ஒரு தீவனப் பையைப் பிரித்தால் சோயா புண்ணாக்கு, கோதுமை மாவு, மீன்தூள், மீன் எண்ணெய், கணவாய்த் தூள் எல்லாம் கொட்டும். அந்தச் சோயாவுக்காக எங்காவது காடு அழிந்திருக்கலாம். அந்த மீன்தூளுக்காகக் குஞ்சு மீன்களை வழித்தெடுத்திருக்கலாம். குளத்தில் நீங்கள் எவ்வளவு ஒழுங்காக நடந்தாலும், பாவத்தின் பெரும்பங்கு தைத்த பைக்குள் இருந்துகொண்டு வருகிறது. அதனால்தான் ஏ.எஸ்.சி. 2021-இல் தீவனத்துக்கென்றே தனி விதிமுறை போட்டது, 2023 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. கலவையில் 1 சதவீதத்துக்கு மேல் சேரும் எந்தப் பொருளானாலும் அது எங்கிருந்து வந்தது, என்ன ஆபத்து என்று ஆலை ஆராய்ந்து வைக்க வேண்டும். கெடுபிடி ஆலைக்குத்தான். ஆனால் செலவு வாய்க்கால் போல இறங்கி வந்து உங்கள் குளத்தில் விழுகிறது.

புண்ணாக்குக் கணக்கு | நாமக்கல் | திங்கள், இரவு 10.40

தீவன ஆலையில் கொள்முதல் பார்க்கிறேன், கோழித்தீவனம். எங்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. முட்டை வாங்க வருகிறவர் சோயாவின் ஜாதகம் கேட்பதில்லை.

ஒன்று சொல்லிவிடுகிறேன். அமேசான் காடு, அமேசான் காடு என்கிறார்களே, இந்தியச் சோயா மத்தியப் பிரதேசத்திலும் மகாராஷ்டிரத்திலும் விளைகிறது. பெரும்பாலும் சிறு விவசாயிகள், மானாவாரி. மரபணு மாற்றிய சோயாவை இங்கே விதைக்க அனுமதி கிடையாது. இந்தப் புண்ணாக்குக்கு ஐரோப்பாவில் தனி மதிப்பு உண்டு. பிரேசிலின் குற்றத்துக்கு இந்தூர்க்காரரிடம் சாட்சி கேட்பது நியாயமா?

அதே மூச்சில் இதையும் சொல்ல வேண்டும். 2021-இல் சோயா புண்ணாக்கு விலை தலைக்கு மேல் போனபோது, ஆகஸ்டில் மத்திய அரசு 12 லட்சம் டன் மரபணு மாற்றிய சோயா புண்ணாக்கை இறக்குமதி செய்ய அனுமதித்தது. கேட்டதே கோழிப்பண்ணைக்காரர்களாகிய நாங்கள்தான். விலை ஏறினால் கொள்கை இறங்கும். சான்றிதழ் தாங்குமா என்பதை அப்படியொரு பருவத்தில்தான் பார்க்க வேண்டும், விலை சும்மா கிடக்கும் பருவத்தில் அல்ல.

ரொட்டர்டாம்காரன் | செவ்வாய், அதிகாலை 1.25

வணக்கம். ஊர் வடமராட்சி, இருப்பது நெதர்லாந்தில். கால்நடைத் தீவனச் சரக்கைக் கையாளும் நிறுவனமொன்றின் ஆவணப் பிரிவில் வேலை செய்கிறேன்.

“சான்று பெற்ற சோயா” என்றவுடன், நல்ல சோயா தனிச் சாக்கில் கட்டி, தனிக் கப்பலில், தனிக் களஞ்சியத்துக்கு வருகிறது என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். நானும் வேலைக்குச் சேரும்வரை அப்படித்தான் நினைத்திருந்தேன். உண்மையில் நான்கு வழிகள் உண்டு. முதலாவது, ஒரே தோட்டத்துச் சரக்கு கடைசிவரை தனியாகவே வருவது. இரண்டாவது, சான்று பெற்ற பல தோட்டத்துச் சரக்கை ஒன்றாகக் கலக்கலாம், சான்றில்லாததோடு கலக்கக் கூடாது. இவை இரண்டும் செலவு பிடித்தவை. மூன்றாவதுதான் தீவனத் துறையில் அதிகம் பாவிப்பது, மாஸ் பேலன்ஸ். சான்றுள்ளதும் இல்லாததும் ஒரே களஞ்சியத்தில் கலந்துவிடும், கணக்குப் புத்தகத்தில் மட்டும் பிரிவு இருக்கும். 1,000 டன் சான்றுச் சரக்கு உள்ளே போனால் 1,000 டன்னைச் சான்றுச் சரக்காக விற்கலாம், ஒரு கிலோகூடக் கூடாது. நான்காவதில் பொருளே நகர்வதில்லை. தோட்டக்காரர் இவ்வளவு நல்ல சோயா விளைவித்தேன் என்பதற்கான “கிரெடிட்” சீட்டை மட்டும் விற்பார், தீவன ஆலை அதை இணையத்தில் வாங்கும். 2006-இல் தொடங்கிய ஆர்.டி.ஆர்.எஸ். என்ற சோயா வட்டமேசை அமைப்பும், அதற்கு முன் 2004-இல் வந்த ஆர்.எஸ்.பி.ஓ. என்ற பாமாயில் அமைப்பும் இவற்றில் பலவற்றை அனுமதிக்கின்றன.

எனவே உங்கள் இறால் தின்கிற சோயாப் பருக்கை காட்டை அழித்த நிலத்திலிருந்து வந்ததா, இல்லையா என்பதைப் பையில் உள்ள முத்திரை சொல்லாது. அந்த அளவுக்கு எங்கோ ஒரு நல்ல சோயா விளைந்தது என்பதைத்தான் சொல்லும்.

உப்பாற்றங்கரை | செவ்வாய், காலை 6.50

இரண்டு முறை படித்தேன். அப்படியானால் இது பொய்யா, உண்மையா?

கடைமடை | கீழத்தஞ்சை | செவ்வாய், காலை 7.15

பால் சொசைட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். நாற்பது வீட்டுப் பாலும் ஒரே கேனில்தான் விழுகிறது. அதில் நாலு வீட்டில் நாட்டு மாடு. அந்த நாலு வீட்டிலிருந்து 20 லிட்டர் வந்தது என்று எழுதிக்கொண்டு, டவுனில் 20 லிட்டரை மட்டும் “நாட்டு மாட்டுப் பால்” என்று கூடுதல் விலைக்கு விற்கிறார்கள். டவுன்காரர் குடிப்பது கலப்புப் பால். ஆனால் நாட்டு மாடு வைத்திருப்பவருக்குக் கூடுதல் காசு போய்ச் சேர்ந்தால் அவர் மாட்டை விற்க மாட்டார். கேனைப் பார்த்தால் பொய், தொழுவத்தைப் பார்த்தால் உண்மை.

காசு போய்ச் சேர்ந்தால் என்று சொன்னேன். அதைக் கவனியுங்கள்.

ரொட்டர்டாம்காரன் | செவ்வாய், பகல் 12.31

ஐயா, ஆறு வருடமாக அலுவலகத்தில் புதியவர்களுக்கு நான் படம் கீறி விளக்குவதை நாலு வரியில் முடித்துவிட்டீர்கள்.

காசு விடயத்தில் உங்கள் சந்தேகம் சரி. சோயாக் கிரெடிட் சீட்டின் விலை டன்னுக்குச் சில டொலர்தான். ஒரு தோட்டக்காரர் காட்டை விட்டுவைக்க அது போதுமா என்றால், போதாது. அமேசானில் சான்றிதழைவிட வேலை செய்தது வேறொன்று. 2006-இல் பெரிய வியாபார நிறுவனங்கள் கூட்டாக, புதிதாகக் காடழித்த நிலத்துச் சோயாவை வாங்க மாட்டோம் என்று ஒப்பந்தம் செய்துகொண்டன. பிறகு 2008 ஜூலையை எல்லைத் தேதியாக வைத்தார்கள். வாங்குகிறவன் எல்லோருமே கதவை அடைத்தபோது தோட்டக்காரருக்கு வேறு வழி இருக்கவில்லை. ஆனால் அது அமேசானுக்கு மட்டும்தான். பக்கத்தில் உள்ள செராடோ புல்வெளிக் காடுகள் அதில் அடங்கவில்லை, உழவு அங்கே பரவியது.

இப்போது ஐரோப்பிய ஒன்றியம் 2023-இல் காடழிப்புத் தடைச் சட்டம் கொண்டுவந்திருக்கிறது. 2020 டிசம்பர் 31-க்குப் பிறகு காடழித்த நிலத்துச் சோயா, பாமாயில், கோப்பி, கொக்கோ, ரப்பர், மரம், மாடு ஆகிய ஏழும் உள்ளே வரக் கூடாது. நிலத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை கொடுக்க வேண்டும். மாஸ் பேலன்ஸ் செல்லாது. நடைமுறைக்கு வரும் தேதியைத்தான் இரண்டு முறை தள்ளிப்போட்டுவிட்டார்கள். வேடிக்கை என்னவென்றால், மாட்டுக்குப் போட்ட தீவனத்தைச் சட்டம் கேட்கிறது, கோழிக்கும் இறாலுக்கும் போட்டதைக் கேட்பதில்லை. சோயா மூட்டையாக வந்தால் பிடிபடும், இறாலின் வயிற்றில் வந்தால் தப்பிவிடும். அந்த ஓட்டையை அடைக்கத்தான் கடைக்காரர்கள் தனியார் சான்றிதழ் கேட்கிறார்கள்.

மடிவலை | ராமேஸ்வரம் | செவ்வாய், மாலை 5.20

சோயாவையே பேசிக்கொண்டிருக்கிறீர்கள். மீன்தூள் எங்கிருந்து வருகிறது என்று யாரும் கேட்கவில்லை. நான் சொல்கிறேன், என் படகிலிருந்துதான் வருகிறது.

விசைப்படகு மடியை இழுத்துக் கொட்டினால் பாதிக்கு மேல் சங்காயம். ஐம்பது வகைப் பொடிமீன், நண்டுக்குஞ்சு, கணவாய்க்குஞ்சு. முன்பெல்லாம் கடலிலேயே தள்ளிவிடுவோம். இப்போது அதற்கும் விலை இருக்கிறது, லாரி வந்து அள்ளிக்கொண்டு போகிறது. சில நாள் டீசல் செலவுக்கு அதுதான் கை கொடுக்கிறது. விலை இருப்பதால் சின்னக் கண்ணி வலையை யாரும் கைவிட மாட்டோம் என்கிறோம். 61 நாள் தடைக்காலத்தில் படகைக் கட்டிப்போட்டு, ஜூன் 15 விடிந்ததும் போய், வளரவிட்ட குஞ்சையெல்லாம் அள்ளிவந்து தூளாக்கக் கொடுக்கிறோம். சொல்லவே கூச்சமாக இருக்கிறது.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஐந்து கிலோ மீனைக் காய்ச்சி அரைத்தால் ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் கூடுதலாகத் தூள் கிடைக்கும். நூற்றுக்கு 22 என்று வைத்துக்கொள்ளுங்கள். உப்பாற்றங்கரை அண்ணன் ஒரு கிலோ இறாலுக்கு 1.4 கிலோ தீவனம் என்கிறார். அதில் 15 சதவீதம் மீன்தூள் இருந்தால் 210 கிராம். அதற்கு ஏறத்தாழ 950 கிராம் மீன். ஒரு கிலோ இறாலுக்கு ஒரு கிலோ மீன்! கடலைக் காப்பாற்றத்தான் பண்ணை என்று சொன்னார்களே, அது இதுதானா?

புண்ணாக்குக் கணக்கு | செவ்வாய், மாலை 6.05

கணக்கு சரி, ஆனால் 15 சதவீதம் எல்லாத் தீவனத்திலும் இருக்காது. மீன்தூள் விலை அதிகம் என்பதாலேயே ஆலைகள் அதைக் குறைத்துக்கொண்டு வருகின்றன. 2023-இல் பெரு நாடு நெத்திலி வகை மீன்பிடிப்பின் முதல் பருவத்தையே ரத்து செய்தபோது உலகம் முழுவதும் விலை எகிறியது. இன்னொன்று, சூரிமி என்ற மீன்சதை விழுது செய்யும் ஆலையின் கழிவு, மீன் தலை, முள் இவற்றிலிருந்தும் தூள் வருகிறது. அதற்காக யாரும் தனியாக மீன் பிடிப்பதில்லை.

காகிதப்புலி | செவ்வாய், இரவு 8.48

மடிவலை சொன்ன இடத்தில்தான் சான்றிதழ் திணறுகிறது. மீன்தூளுக்கு மரின்டிரஸ்ட் என்றொரு சான்று உண்டு. அதன் அடிப்படைக் கேள்வி, இந்த மீன் இனத்தின் இருப்பு எவ்வளவு, அதில் எவ்வளவு பிடிக்கிறார்கள் என்பது. பெருவின் நெத்திலிக்கோ நார்வேக்காரர் பிடிக்கும் மீனுக்கோ இதற்குப் பதில் சொல்லலாம். ஒரே இனம், ஒரே வலை, முப்பது நாற்பது ஆண்டுப் பதிவு. நம் கடலில் ஒரே மடியில் ஐம்பது இனம் வருகிறது. எந்த இனத்தின் இருப்பைக் கணக்கிடுவது? குளிர்கடலுக்குத் தைத்த சட்டையை வெப்பக்கடலுக்குப் போட்டுப் பார்க்கிறார்கள்.

முடியவே முடியாது என்றும் சொல்ல மாட்டேன். கொல்லம் அஷ்டமுடி ஏரி மட்டி மீன்பிடிப்பு 2014-இல் எம்.எஸ்.சி. என்ற மீன்பிடிப்புக்கான நிலைத்தன்மைச் சான்று பெற்றது, இந்தியாவில் அதுதான் முதல். அது சாத்தியமானதற்குக் காரணம் உண்டு. ஒரே இனம், ஓர் ஏரி, கையால் எடுப்பவர்கள், இனப்பெருக்கக் காலத்தில் எடுக்க மாட்டோம் என்று அவர்களுக்குள்ளேயே ஒரு கட்டுப்பாடு. சான்றிதழ் அந்த ஒழுக்கத்தை உண்டாக்கவில்லை, ஏற்கெனவே இருந்ததற்குத் தாள் கொடுத்தது.

என் சொந்த அனுபவம் ஒன்று. ஒருமுறை ஒரு பண்ணையில் பதிவேட்டைக் கேட்டேன். ஆறு மாதப் பதிவு. ஒரே பேனா, ஒரே கையெழுத்து, ஒரே சீர். குளக்கரையில் எழுதிய தாளில் ஒரு சொட்டுத் தண்ணீர்கூடப் படவில்லை! முந்தின இரவு உட்கார்ந்து எழுதியிருக்கிறார்கள். விதிப்படி பதிவேடு இருக்கிறதா என்றால் இருக்கிறது. நான் குறிப்பு எழுதினேன், அடுத்த ஆண்டு அந்தப் பண்ணைக்கு வேறு தணிக்கையாளர் போனார். தணிக்கை நிறுவனத்துக்குப் பணம் கொடுப்பவர் தணிக்கை செய்யப்படுபவர்தான் என்பதை மறந்துவிடாதீர்கள்.

கடைமடை | செவ்வாய், இரவு 9.30

நான் நெல் விவசாயி. இறால் குளங்களைப் பற்றி எனக்கு நல்ல எண்ணம் கிடையாது, மறைக்கவும் மாட்டேன். தொண்ணூறுகளில் எங்கள் ஊரில் கிணறு உப்பானது. இறால் பண்ணைகளை எதிர்த்துக் காந்தியவாதிகளான கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதன் அம்மாவும் ஜெகந்நாதன் ஐயாவும் நடந்த நடை எங்களுக்குத் தெரியும். ஐயா போட்ட வழக்கில்தான் 1996 டிசம்பர் 11 அன்று உச்ச நீதிமன்றம் கடலோர ஒழுங்குமுறை மண்டலத்தில் இறால் தொழிற்பண்ணைகள் கூடாது என்று தீர்ப்பளித்தது. பிறகு 2005-இல் தனிச் சட்டம் வந்தது, ஆணையம் வந்தது, 2009-இல் வனாமி வந்தது. தீர்ப்பு புத்தகத்தில் இருக்கிறது, குளம் வயலுக்குப் பக்கத்தில் இருக்கிறது.

கேட்கிறேன்: அமேசான் மரத்தைப் பற்றியும் பெரு மீனைப் பற்றியும் கேட்கிற இந்தத் தாள், பக்கத்து வயல்காரனின் கிணற்றைப் பற்றிக் கேட்கிறதா?

உப்பாற்றங்கரை | செவ்வாய், இரவு 9.52

எல்லாக் குளத்துக்காரனையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள். வங்கிக் கடன் வாங்கி, வெள்ளைப்புள்ளி நோயில் இரண்டு பருவம் இழந்து, கழுத்தளவு கடனில் நிற்கிறவனும் இதில் உண்டு. கம்பெனிக்காரர்கள் வந்தார்கள், போனார்கள். இப்போது குளம் வைத்திருப்பதில் பெரும்பாலோர் என்னைப் போன்றவர்கள்தான்.

கடைமடை | செவ்வாய், இரவு 9.58

உங்கள் கடன் எங்கள் கிணற்றை இனிப்பாக்காது.

நெறியாளர் | செவ்வாய், இரவு 10.10

இருவரும் சற்றுப் பொறுங்கள். 1996 தீர்ப்பைப் பற்றித் தனி இழை இருக்கிறது. இங்கே சான்றிதழோடு நிறுத்திக்கொள்வோம்.

காகிதப்புலி | புதன், காலை 7.40

நெறியாளர் மன்னிக்க வேண்டும், கடைமடை ஐயா கேட்டது சான்றிதழைப் பற்றிய கேள்விதான், பதில் சொல்லியாக வேண்டும்.

கேட்கிறது ஐயா. ஏ.எஸ்.சி. இறால் விதிமுறையில் 1999 மே மாதத்துக்குப் பிறகு அலையாத்திக் காட்டை அழித்து வெட்டிய குளத்துக்குச் சான்று கிடையாது. பக்கத்து நன்னீரை உப்பாக்கக் கூடாது, அதை அளந்து காட்ட வேண்டும். பங்கேற்புச் சமூகத் தாக்க மதிப்பீடு என்று ஒன்று உண்டு, அதில் அண்டை ஊர்க்காரர்களை உட்காரவைத்துப் பேசியாக வேண்டும். தணிக்கை நடக்கப்போவதை முன்கூட்டியே அறிவிப்பார்கள். வரைவு அறிக்கையை வெளியிட்டு யார் வேண்டுமானாலும் கருத்துச் சொல்ல இடம் கொடுப்பார்கள். எட்டு ஆண்டுகளில் ஓர் ஊர்க்காரரிடமிருந்துகூட ஒரு கடிதம் வந்து நான் பார்த்ததில்லை. அறிவிப்பு ஆங்கிலத்தில், இணையத்தில் கிடக்கிறது. கிணறு உப்பானவருக்கு அது எப்படித் தெரியும்? உரிமை இருக்கிறது, தபால்காரர்தான் இல்லை.

உப்பாற்றங்கரை நண்பருக்கு இனி நேரான பதில். நான்கு கேள்வி கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

சான்றிதழ் யார் பெயரில்? குழுவை ஏற்றுமதி ஆலை நடத்தினால் சான்றிதழ் ஆலைக்குச் சொந்தம். நாளைக்கு வேறொருவர் கிலோவுக்குப் பத்து ரூபாய் கூடுதலாகக் கொடுத்தாலும், அவரிடம் உங்கள் இறால் சான்றில்லாத இறால். இது ஒருவகைக் கட்டுத்தறி. இதைவிட நல்ல வழி, நீங்களே சங்கமாகச் சேர்வது. கடல்பொருள் ஏற்றுமதி மேம்பாட்டு ஆணையமான எம்பெடாவின் கீழ் 2007-இல் தொடங்கிய நாக்சா என்ற அமைப்பு சிறு பண்ணையாளர்களைச் சங்கங்களாக்கும் வேலையைத்தான் செய்கிறது.

தணிக்கைச் செலவு யாருடையது? தவறு கண்டுபிடித்தால் திருத்தும் செலவு யாருடையது? பல திட்டங்களில் குழுவின் எல்லாக் குளத்தையும் தணிக்கையாளர் பார்ப்பதில்லை, எண்ணிக்கையின் வர்க்கமூலம் அளவுக்குத்தான் பார்ப்பார். 25 பேர் என்றால் ஐந்து குளம். அந்த ஐந்தில் ஒருவர் ஏமாற்றினால் 25 பேருக்கும் அடி. ஆகவே யாரோடு சேர்கிறீர்கள் என்பது முக்கியம்.

மூன்றாவது, கூடுதல் விலை எழுத்தில் உண்டா?

நான்காவது, தீவனத்தின் கூடுதல் விலையில் ஏற்றுமதி ஆலை பங்கேற்குமா? நான்காவது நட்சத்திரம் அவர்கள் பெட்டியில்தான் மின்னப்போகிறது.

ரொட்டர்டாம்காரன் | புதன், பகல் 1.15

காகிதப்புலி சொன்னதோடு ஒன்று. சான்றிதழ் இருந்தால் துறைமுகத்தில் சோதனை குறையும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். 2016-இலிருந்து இந்தியப் பண்ணை இறால் சரக்குகளில் பாதியை ஐரோப்பா ஆன்டிபயாடிக் எச்சத்துக்காகச் சோதித்து வருகிறது. முன்பு பத்தில் ஒன்றுதான். கண்டெய்னரில் எத்தனை முத்திரை ஒட்டியிருந்தாலும் அதைச் சோதனைச்சாலை பார்ப்பதில்லை, இறாலைத்தான் அரைத்துப் பார்க்கிறது.

மடிவலை | புதன், மாலை 4.40

அதைத்தான் நானும் சொல்ல வந்தேன். அரைத்துப் பார்க்கிற சோதனையை ஏமாற்ற முடியாது. மீன்தூளையும் அப்படி அரைத்துப் பார்த்து, குஞ்சு மீனா, பெரிய மீனா என்று சொல்ல வழி இருந்தால் எங்கள் கடலில் நாளைக்கே வலை மாறும்.

உப்பாற்றங்கரை | சனி, இரவு 8.25

மூன்று நாள் வர முடியவில்லை, ஒரு குளத்தில் ஆக்சிஜன் இறங்கிவிட்டது. இப்போது பரவாயில்லை.

நான்கு கேள்வியையும் ஏற்றுமதி ஆலையில் கேட்டேன். சான்றிதழ் அவர்கள் பெயரில்தானாம். தணிக்கைச் செலவு அவர்களுடையது, திருத்தும் செலவு என்னுடையது. விலையை “அறுவடை நேரத்தில் பேசிக்கொள்ளலாம்” என்றார்கள். எழுத்தில் கொடுங்கள் என்றேன், மேலிடத்தில் கேட்டுச் சொல்கிறேன் என்று அந்த இளைஞர் போனார். பாவம், அவருக்கும் மேலே ஒரு மேலிடம்.

டீலரிடம் போய், “இந்தத் தீவனத்தில் மீன்தூள் எத்தனை சதவீதம், எந்த ஊர் மீன்?” என்று கேட்டேன். இருபது ஆண்டு வியாபாரத்தில் இப்படி ஒருவர் கேட்டதில்லை என்று சிரித்தார். சிரித்தாலும் தீவன ஆலைக்கு போன் போட்டார். புரதம் 35 சதவீதம் என்று பையில் போட்டிருக்கிறோமே, அது போதாதா என்றார்களாம். பைகளின் தொகுதி எண்ணை மட்டும் இனிமேல் பில்லில் எழுதித் தரச் சொல்லியிருக்கிறேன். சம்மதித்தார்.

இப்போதைக்கு ஆலையின் குழுவில் சேரவில்லை. எங்கள் வாய்க்காலில் 11 பேர் இருக்கிறோம். சங்கமாகப் பதிவு செய்யலாமா என்று ஞாயிற்றுக்கிழமை கூடிப் பேசுகிறோம். நான்கு பேர் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். மற்றவர்கள், ரூபாய் எவ்வளவு என்று தெரிந்த பிறகு வருகிறோம் என்கிறார்கள். நானும் திங்கட்கிழமை அதைத்தானே கேட்டேன்.

கடைமடை ஐயா, அன்று சற்றுக் காரமாகப் பேசிவிட்டேன். உங்கள் ஊர் எது?

கடைமடை | சனி, இரவு 9.05

வாய்க்கால் என்றீர்களே, நாங்கள் மணக்குடி வாய்க்கால் என்று சொல்வதுதான் அது என்றால், நான் அதன் மேற்குப் பக்கம். இரண்டு கிலோமீட்டர்கூட இருக்காது.

உப்பாற்றங்கரை | சனி, இரவு 9.11

அதேதான். அப்படியானால் உங்கள் கிணற்றையும் சேர்த்து அளந்துவிடலாம். குளத்தில் உப்பு பார்க்கிற கருவி என்னிடம் இருக்கிறது, ஆனால் நன்னீருக்கு அது சரியாகக் காட்டாது. தண்ணீரைப் பரிசோதனைக்குக் கொடுப்போம், பணம் நான் கட்டுகிறேன்.

கடைமடை | சனி, இரவு 9.30

பாதியை நான் கட்டுகிறேன். முடிவு எப்படி வந்தாலும் இங்கே போட வேண்டும், அதுதான் பேச்சு. தண்ணீரை எதில் பிடிப்பது? வீட்டில் பழைய சோடா பாட்டில்தான் கிடக்கிறது.

காகிதப்புலி | சனி, இரவு 9.44

சோடா பாட்டில் போதும். சோப்புப் போட்டுக் கழுவ வேண்டாம். மோட்டாரைப் பத்து நிமிடம் ஓடவிட்டு, அதே தண்ணீரால் மூன்று முறை அலசி, கழுத்துவரை நிரப்பி மூடுங்கள். நாள், நேரம், எந்தக் கிணறு என்று பாட்டிலின் மேலேயே எழுதுங்கள். அங்கேயே எழுதுங்கள், வீட்டுக்குப் போய் அல்ல.